1,150 ரூபாய் ஓபிடி ஸ்கேனர்: எட்டு மாதம் பிடிபடாத இன்ஜின் திக்கலும் ஒரு பூஜ்யமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஓபிடி ஸ்கேனருக்கு (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசி, அது சொல்வதைப் போனில் காட்டும் சின்னக் கருவி) ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்ததற்கான காரணம் பின்னால் வரும். பழைய பெட்ரோல் கார் வைத்திருந்து, அது விட்டு விட்டுத் திக்குகிறது, மெக்கானிக்கிடம் போனால் மட்டும் சமர்த்தாக ஓடுகிறது என்று அலைகிறவர்கள் இதை முழுக்கப் படியுங்கள்.

என்னுடையது 2011 மாடல் சின்ன கார். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்னை பல்லாவரத்தில் இருந்து ரேடியல் ரோடு பிடித்து, துரைப்பாக்கத்தில் ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) ஏறி சிறுசேரி வரை தினமும் போய்வரும் வண்டி. காலையில் ஒரே செல்ஃபில் எடுக்கும். கீழ்க்கட்டளை, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் எல்லாம் தாண்டும் வரை ஒரு குறையும் இருக்காது. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் இருபது நிமிடம் ஊர்ந்து இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏதோ ஒரு கணத்தில், யாரோ சாவியை அணைத்து உடனே திருப்பிப் போட்ட மாதிரி ஒரு வெட்டு. தலை முன்னால் போய் வரும். அடுத்த நொடி ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி ஓடும். சில நாள் மூன்று முறை வரும், சில வாரம் எட்டிக்கூடப் பார்க்காது. செக் இன்ஜின் விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லை.

எட்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் சோழிங்கநல்லூர் சிக்னலில் வண்டி நின்றே விட்டது, அம்மாவும் உள்ளே இருந்தார். பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. தள்ளி ஓரங்கட்டி பதினைந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் உடனே எடுத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. திக்குவது வேறு, நடுரோட்டில் நிற்பது வேறு.

அதற்குள் மூன்று இடத்தில் காட்டியிருந்தேன். பேர் சொல்ல விரும்பவில்லை, அவர்கள் ஏமாற்றினார்கள் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் மூன்று பேருமே வண்டி திக்குவதைப் பார்க்காமல், இதுவாக இருக்கலாம் என்று பாகத்தை மாற்றினார்கள். ஒருவர் நான்கு பிளக்கும் மாற்றி, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கழுவினார். அடுத்தவர் இக்னிஷன் காயில் என்றார். மூன்றாமவர், பெட்ரோல் பம்ப் வீக், சூடானால் பிரஷர் விழுகிறது என்றார். பிளக் 640, கழுவியது 900, காயில் 3,600, பம்ப் 4,800, கூலி எல்லாம் சேர்த்து 1,500. ஆக 11,440 ரூபாய். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு நாள் வண்டி நன்றாக ஓடும், சரி தீர்ந்தது என்று நினைப்பேன், திரும்ப வரும். விட்டு விட்டு வரும் கோளாறில் இதுதான் பெரிய சிக்கல். எதை மாற்றினாலும் கொஞ்ச நாள் சரியான மாதிரியே தெரியும்.

அப்புறம்தான் இந்த ஸ்கேனரை வாங்கினேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் சொருக வேண்டும், புளூடூத் வழியாகப் போனோடு பேசும். இஎல்எம்327 வகை என்று போட்டு விற்கும் எல்லாமே ஏறத்தாழ இந்த ஜாதிதான். போனில் டார்க் (Torque) என்ற ஆப் போட்டுக்கொண்டேன். இலவசப் பதிப்பிலேயே கோட் (கோளாறு வந்தால் வண்டி பதிந்து வைக்கும் குறியீடு) படிக்கலாம், நான் பதிவு செய்யும் வசதிக்காகக் காசு கொடுத்து ப்ரோ வாங்கினேன். ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், சாதாரண புளூடூத் டாங்கிள் (இப்படிச் சொருகும் கருவியை அப்படித்தான் சொல்வார்கள்) அதில் வேலை செய்யாது. வைஃபை அல்லது புளூடூத் எல்ஈ என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வாங்கும் முன் ஒரு விஷயம். நான் முதலில் வாங்கியது 400 ரூபாய்க்குக் கிடைக்கும் குட்டி நீலக் கலர் டாங்கிள். விளக்கு எரிந்தது, போனோடு இணைந்தது, என் வண்டியோடு மட்டும் பேசவே இல்லை. அதே டாங்கிள் நண்பனின் புது வண்டியில் உடனே வேலை செய்தது. புது வண்டிகள் கேன் என்ற முறையில் பேசுகின்றன. என்னுடையது மாதிரிப் பழைய வண்டிகள் பல கே-லைன் என்ற ஒற்றை வயரில் பேசுகின்றன, மலிவு டாங்கிள்கள் சிலவற்றில் அந்தப் பகுதி ஒழுங்காக இருக்காது. உங்கள் வண்டி எந்த வகை என்று ஓரளவு நீங்களே பார்த்துவிடலாம். டார்ச் அடித்து சாக்கெட்டைப் பாருங்கள். 6, 14 ஆம் துளைகளில் உலோகம் தெரிந்தால் பெரும்பாலும் கேன், அவை காலியாக இருந்து 7ஆம் துளையில் இருந்தால் கே-லைன். இந்தியாவில் ஓபிடி கட்டாயமானது 2010 ஏப்ரலில், பிஎஸ்4 என்ற புகை விதி வந்த பெரிய நகரங்களில்தான் முதலில். அதற்கு முந்திய வண்டியில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் இந்த மாதிரிக் கருவிகளோடு பேசும் என்று நம்பி வாங்காதீர்கள். திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

1,150 ரூபாய் டாங்கிள் முதல் முயற்சியிலேயே பேசியது. ஆசையாகக் கோட் படித்தேன். ஒன்றும் இல்லை. பூஜ்யம். கோட் வராவிட்டால் வண்டியில் குறை இல்லை என்று எடுத்துக்கொண்டு இத்தனை காசு போட்டு வாங்கியது வீண் என்று பலர் இங்கேயே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இந்த மாதிரி ஒரு நொடிக்கும் குறைவாக வந்து போகும் கோளாறை இசிஎம், அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், பல நேரம் கோடாக எழுதி வைக்காது, குறிப்பிட்ட நேரம் தொடர்ந்து தப்பு நடந்தால்தான் எழுதும். ஆகவே கோட் பக்கத்தை விட்டுவிட்டு, நேரடியாக ஓடும் எண்களைப் பதிவு செய்யும் பக்கத்துக்குப் போனேன். இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு முழுக்க இந்த ஒரு பக்கத்துக்குத்தான் என்பது என் கருத்து.

முதல் மூன்று நாள் ஒரு தப்பு செய்தேன். கண்ணில் பட்ட பன்னிரண்டு விஷயத்தையும் டிக் அடித்துப் பதிவு செய்தேன். ஆர்பிஎம், வேகம், கூலன்ட் சூடு, மேனிஃபோல்ட் பிரஷர், த்ராட்டில், ஆக்சிஜன் சென்சார், ட்ரிம், எல்லாம். அந்த மூன்று நாளில் நான்கு முறை திக்கியது, பதிவில் ஒரு சுவடும் இல்லை. கே-லைன் மெதுவானது, ஒவ்வொன்றாகத்தான் கேட்டு வாங்கும். பன்னிரண்டைக் கேட்டால் ஒவ்வொரு எண்ணும் இரண்டு நொடிக்கு மேல் ஆகித்தான் புதுப்பிக்கப்படுகிறது, அதற்குள் திக்கல் வந்து போய்விடும். நான்காம் நாள் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ஆர்பிஎம், வேகம், பேட்டரி வோல்ட். இப்போது அரை நொடிக்கு ஒரு வரி விழுந்தது.

அந்த வாரம் ஐந்து முறை திக்கியதில் இரண்டு மாட்டியது. வீட்டுக்கு வந்து சிஎஸ்வி கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து வரி வரியாகக் கீழே போனேன். மாலை 6.42, துரைப்பாக்கம் தாண்டியதும். வேகம் 38, ஆர்பிஎம் 1,840. அடுத்த வரி, வேகம் 38, ஆர்பிஎம் 0. அதற்கடுத்த வரி, வேகம் 37, ஆர்பிஎம் 1,790. மூன்று வரியிலும் வோல்ட் 14.1.

கொஞ்ச நேரம் அந்தப் பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி மூன்றாவது கியரில் 38 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, கிளட்ச்சில் கால் இல்லை, சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இன்ஜின் உண்மையில் நின்றிருக்கவே முடியாது. அது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, சுற்றுகிறது என்ற சேதி மட்டும் இசிஎம்முக்குப் போய்ச் சேரவில்லை. பெட்ரோல் குறைந்தாலோ பிளக் அடிக்காமல் போனாலோ ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கும், பூஜ்யம் காட்டாது. வோல்ட் அசையவில்லை, டாங்கிளின் தொடர்பும் அறுபடவில்லை, அப்படியென்றால் இசிஎம்முக்குக் கரன்ட் போய்க்கொண்டுதான் இருந்தது. என் வண்டி அடிப்படை மாடல், டாஷ்போர்டில் ஆர்பிஎம் மீட்டரே கிடையாது. இருந்திருந்தால் திக்கும்போது முள் டக்கென்று கீழே விழுவதை என்றைக்கோ கண்ணாலேயே பார்த்திருக்கலாம். உங்கள் வண்டியில் மீட்டர் இருந்தால், ஸ்கேனர் வாங்கும் முன் இரண்டு நாள் அந்த முள்ளைக் கவனியுங்கள்.

இந்தப் பதிவைப் போனில் எடுத்துக்கொண்டு, பல்லாவரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரே ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு ஷெட் போட்டிருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். வயது அறுபது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கிவிட்டு மூன்று வரியையும் படித்தார்.

“தம்பி, பம்ப்பு மாத்துனது யாரு?” என்றார். சொன்னேன். “பம்ப்புல ஒண்ணும் இல்ல. இது க்ராங்க் சென்சார் லைனு. சூடு ஏறட்டும், வண்டிய ஆஃப் பண்ணாத, ஏசிய போட்டு வை.”

க்ராங்க் சென்சார் என்பது கட்டைவிரல் அளவுள்ள ஒரு பாகம். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் பல் சக்கரத்தைப் பார்த்து, பிஸ்டன் இப்போது எங்கே இருக்கிறது என்று இசிஎம்முக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதி நின்றால் எப்போது தீப்பொறி கொடுப்பது, எப்போது பெட்ரோல் பீய்ச்சுவது என்று தெரியாமல் இசிஎம் எல்லாச் சிலிண்டரையும் ஒரே நேரத்தில் நிறுத்திவிடும். அதனால்தான் சாவியை அணைத்த மாதிரியான வெட்டு. ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்காவிட்டால் வண்டி தாளத்தோடு உதறும். இந்த வித்தியாசத்தை நான் எட்டு மாதம் முன்பே மெக்கானிக்குகளிடம் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும், “மிஸ்ஸிங் அடிக்குது” என்ற ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் அடக்கிச் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையைக் கேட்டால் யாராக இருந்தாலும் பிளக்கில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

இருபது நிமிடம் கழித்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டாவது சுற்று ஓடி நின்றதும், அவர் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் கியர்பாக்ஸ் பக்கம் போகும் வயர் கட்டை லேசாக அசைத்தார். ஒன்றும் இல்லை. இன்னும் கீழே போனார். ஒரு இடத்தில் அசைத்ததும் இன்ஜின் ‘டக்’ என்று தடுமாறி மீண்டது. திரும்ப அசைத்தார், திரும்பத் தடுமாறியது. மூன்றாவது தடவை நின்றே விட்டது. எட்டு மாதமாக என்னிடம் கண்ணாமூச்சி ஆடியது அவர் கைக்குள் வந்துவிட்டது, சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் திக்கியது. எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது.

சென்சாரில் வயர் வந்து சொருகும் கப்ளரைக் கழற்றிக் காட்டினார். இரண்டு பின்னில் ஒன்றின் அடியில் பச்சைக் களிம்பு, பழைய பித்தளைக் குத்துவிளக்கின் மடிப்பில் இருக்குமே, அந்தப் பச்சை. கப்ளருக்கு அரை அங்குலம் பின்னால் வயரின் மேல் உறை எக்ஸாஸ்ட் சூட்டில் காய்ந்து, கையால் வளைத்தால் அப்பளம் மாதிரி உடைந்தது. உள்ளே செம்பு இழைகளில் ஏழெட்டுதான் மிச்சம். குளிர்ந்திருக்கும்போது அவை தொட்டுக்கொண்டிருக்கின்றன, சூடாகிக் கொஞ்சம் விரிந்து, பள்ளத்தில் ஒரு குலுக்கலும் சேர்ந்தால் விலகிவிடுகின்றன. சென்சாரை மல்டிமீட்டரில் சூட்டோடும் பார்த்தார், அது ஆற விட்டும் பார்த்தார். சென்சாரில் குறையே இல்லை. “இதையும் மாத்தச் சொல்லி இருப்பாங்க, மாத்திட்டு பழைய கப்ளரையே திரும்பக் குத்தி இருப்பாங்க” என்றார். அப்படி நடந்திருந்தால் கப்ளரைத் தொட்டு எடுத்ததிலேயே பத்து நாள் வண்டி நன்றாக ஓடியிருக்கும், பத்தாம் நாள் திரும்ப வந்திருக்கும்.

உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டில் இருந்து வயரோடு வரும் புதுக் கப்ளர் 180 ரூபாய். பழையதை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, ஹீட் ஷீல்டில் படாமல் வேறு வழியாகக் கொண்டுபோய்க் கட்டினார். இரண்டு வயரையும் முன்பு இருந்த மாதிரியே ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோனதைக் கவனித்தேன். ஏன் என்று கேட்டேன். தனித்தனியாக விட்டால் பக்கத்தில் போகும் காயில் வயரின் கரன்ட் இதில் கலந்து இசிஎம்முக்குத் தப்பான சேதி போகும் என்றார். கூலி 400. மொத்தம் 580 ரூபாய். நான் கூடக் கொடுத்ததை வாங்கவில்லை.

அதற்கப்புறம் மழைக்காலம் முழுக்க ஓட்டிவிட்டேன், சுமார் 5,000 கிலோமீட்டர். ஒரு தடவைகூடத் திக்கவில்லை. பதிவு இன்னமும் அவ்வப்போது எடுக்கிறேன், ஓடும்போது பூஜ்யம் வரவே இல்லை.

இப்போது குறைத்த ஒரு நட்சத்திரத்துக்கு வருகிறேன். பெட்டியில் “எல்லா வண்டிக்கும்” என்று போட்டிருக்கிறார்கள், அது சரியில்லை, வாங்குகிறவரைத் தவறான நம்பிக்கையில் விடுகிறது. கூடவே வரும் துண்டுக் காகிதத்தில் கே-லைனில் குறைவான விஷயங்களைத் தேர்ந்தெடுங்கள் என்ற ஒரே ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு மூன்று நாள் மிச்சம். ஐந்தில் இரண்டுதான் பிடித்தது என்பதையும் மறக்க வேண்டாம், இரண்டு கேள்விக்கு நடுவே வந்து போகும் வெட்டு இதில் தெரியவே தெரியாது. பேட்டரி வோல்ட் என் மல்டிமீட்டரை விட 0.3 குறைத்துக் காட்டுகிறது, ஏற்ற இறக்கம் பார்க்கப் போதும், அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் இதில் படிக்க முடியாது. இன்னொன்று, வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். அந்த சாக்கெட்டின் 16ஆம் பின்னில் சாவி போடாவிட்டாலும் பேட்டரி கரன்ட் இருந்துகொண்டே இருக்கும், பத்து நாள் ஊருக்குப் போய் வந்தால் பழைய பேட்டரி படுத்துவிடும்.

உங்கள் வண்டியின் திக்கல் என்னுடையது மாதிரியே இருக்க வேண்டியதில்லை. மேட்டில் ஏறும்போது, நான்கு பேர் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் இழுவை மெல்ல மெல்ல விழுந்தால் பெட்ரோல் பக்கம், அதாவது ஃபில்டர், பம்ப் பாருங்கள். மழை நாளில், ஈரத்தில் மட்டும் உதறினால் காயில், பிளக் வயர். ஐடிலிங்கில் மட்டும் ஏறி இறங்கினால் த்ராட்டில் பாடி அழுக்கு. கூலன்ட் சூடு திடீரென்று மைனஸ் 40 காட்டினால் வண்டி குளிரவில்லை, அந்த சென்சாரின் வயர் விட்டிருக்கிறது. இப்போது எதற்கெடுத்தாலும் இ20 பெட்ரோலை (20 சதவீதம் எத்தனால் கலந்தது) சொல்கிறார்கள், என்னிடமும் சொன்னார்கள். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது கலந்த பெட்ரோலை இன்ஜின் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், அதனால் லாங் டெர்ம் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவை இசிஎம் கூட்டியோ குறைத்தோ வைத்திருக்கும் சதவீதம், பிளஸ்ஸில் போகும். என் வண்டியில் அது 7 சதவீதத்தில் அசையாமல் நிற்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்களைப் பற்றி எனக்குக் கவலை உண்டுதான், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆனால் நிலையாக நிற்கும் ஒன்று எப்போதாவது விட்டு விட்டு வரும் வெட்டுக்குக் காரணமாக இருக்காது.

கோட் ஏதாவது வந்தால் தயவுசெய்து உடனே கிளியர் பட்டனைத் தட்டாதீர்கள், மெக்கானிக்கையும் தட்ட விடாதீர்கள். கோட் விழுந்த நொடியில் வேகம் என்ன, சூடு என்ன, ஆர்பிஎம் என்ன என்று இசிஎம் ஒரு படம் எடுத்து வைத்திருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கிளியர் செய்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். முதலில் போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனின் ஷெட் எங்கே என்று கேட்காதீர்கள், அவர் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் பார்க்கிறார், பேர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். டாங்கிள் இப்போது அவரிடம்தான் இருக்கிறது. போன வாரம் ஒரு டாக்ஸி இதே மாதிரி நின்று நின்று போவதாக வந்ததாம், “தம்பி, அந்தப் பொட்டிய ஒரு ரெண்டு நாள் குடு” என்று வாங்கிக்கொண்டார். மூன்று எண் மட்டும் வைத்துப் பதிவு செய்யுங்கள் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.